விளையாட்டை அழித்தேன், சந்தா அழியவில்லை

2024 பொங்கலுக்கு அக்காவும் மாமாவும் பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு வந்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கைபேசியில் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, "மாப்ளே, அந்த வெளையாட்டு இன்னும் நல்லாப் போகுதா?" என்று கேட்டார். எனக்குப் பிடிபடவில்லை. "நான் வெளையாடி ரெண்டு வருசம் ஆச்சுங்களே மாமா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கைபேசியை என் பக்கம் நீட்டினார். அவருடைய கிரெடிட் கார்டு கணக்கு. மாதத்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் அதே நிறுவனத்தின் பெயர், ஏறக்குறைய அதே தொகை. இருபது சிங்கப்பூர் வெள்ளி. அமெரிக்க டாலர் மதிப்பு ஏறி இறங்கியதால் சில்லறையில் மட்டும் வித்தியாசம். விரலால் தள்ளத் தள்ள அது முடியவே இல்லை. 22 மாதம். நம் பணத்தில் 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மாமா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது இதுதான்: "நீ வெளையாடுறேன்னு நெனச்சுட்டேன். சரி, பையனுக்கு இருக்கிற ஒரே சந்தோசம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." இதை இப்போது எழுதுகிறபோதும் அந்தத் திண்ணைதான் கண்ணுக்குள் நிற்கிறது. என்னைப் போல ஆன்லைன் விளையாட்டுக்கு மாதச் சந்தா கட்டுகிறவர்கள், கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் பள்ளி நண்பர்கள் நான்கு பேரும் நான்கு ஊரில் மாட்டிக்கொண்டோம். ஒருவன் பெங்களூர், ஒருவன் துபாய், ஒருவன் சென்னை, நான் கோவை கணபதியில் அம்மா அப்பாவோடு. டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கன்சோல் பெட்டி ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். டிஸ்க் போட்டால் தனியாக ஆடலாம். நண்பர்களோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் கன்சோல் நிறுவனத்துக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. விளையாட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று, வீட்டு இணையத்துக்கு மாதாமாதம் கட்டுகிறோம், இதற்கு மேல் எதற்கு என்று அன்றைக்கே எரிச்சல் வந்தது. ஆனாலும் கட்டினேன். கடையில் கிடைத்த மூன்று மாத அட்டையை வாங்கி எண்ணைச் சுரண்டிப் போட்டேன். அந்த அட்டை முடிந்தால் இணைப்பு தானாக நின்றுவிடும். வேண்டுமென்றால் அடுத்த அட்டை. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

2021இல் கணினியில் ஒரு பெரிய எம்எம்ஓ விளையாட்டுக்குள் போனேன். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் இருக்கிற வகை. மாதம் 15 அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 1,100 ரூபாய். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது எனக்கு வலிக்கவே இல்லை. எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடுகிற குழுவில், நாற்பது பேர். தலைவர் பினாங்கைச் சேர்ந்த ஒரு தமிழ் அண்ணன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடுவோம். வேலைக்குப் போய் வந்து, இரவில் இரண்டு மணி நேரம், வார இறுதியில் கொஞ்சம் கூட என்று மாதத்துக்கு 55 மணி நேரம் ஆடியிருப்பேன். மணிக்கு 20 ரூபாய். அந்தக் காலத்தில் எனக்கு வெளியுலகம் என்று இருந்தது அதுதான்.

கன்சோல் சந்தாவும் எம்எம்ஓ சந்தாவும் பெயரளவில்தான் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பணம் கட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதக் கட்டணம் என்ற பழக்கம் பெரிதானதே எம்எம்ஓ விளையாட்டுகளால். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனுக்கு மாதம் 9.95 டாலர். 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு 14.99 டாலர், 2010இல் அதற்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் இருபது வருடம் கழித்தும் மாதத்துக்கு அதே 14.99தான். இந்த உலகங்கள் நாம் தூங்கும்போதும் ஓடுகின்றன. நம் கேரக்டர், நம் பொருள் எல்லாம் அவர்களுடைய சர்வர் கணினியில் இருக்கின்றன. மோசடி செய்பவனைத் தடுக்க, புகார் கேட்க ஆள் வேண்டும். புதிய பகுதிகள் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குக் காசு கேட்பது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கன்சோல் சந்தா கதை வேறு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு 2002இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற இணையச் சேவை வந்த நாளிலிருந்து அதில் சேர்ந்து ஆடக் கட்டணம் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் 3இல் ஆன்லைன் ஆட்டம் இலவசமாக இருந்தது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அங்கேயும் சந்தா கட்டாயமானது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2018 செப்டம்பர் வரை இலவசம், அப்புறம் கட்டணம். ஆனால் அதே விளையாட்டைக் கணினியில் வாங்கினால், பெரும்பாலும் சேர்ந்து ஆடத் தனிக் காசு கிடையாது. பல விளையாட்டுகளில் சர்வர் செலவு விளையாட்டைச் செய்த நிறுவனத்துடையது. சிலவற்றில் தனிச் சர்வரே கிடையாது, ஆடுகிறவர்களில் ஒருவருடைய பெட்டியே சர்வர் வேலையைப் பார்க்கிறது. அப்படியிருக்கக் கன்சோல் நிறுவனம் வாசலில் நின்று வசூலிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாதாமாதம் சில விளையாட்டுகளைச் 'சும்மா' தருகிறார்களே என்பார்கள். சந்தா நின்றால் அவற்றில் பெரும்பாலானவை பூட்டிக்கொள்ளும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 1 அன்று ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. கார்டில் தானாக மாதாமாதம் பணம் எடுக்க வேண்டுமென்றால் நம் ஒப்புதலை முறைப்படி பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும், அதிலேயே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். அருமையான விதி. ஆனால் அந்த முறைக்குள் வராத வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நம் கார்டுகள் போகவில்லை. என் கார்டும் நின்றது. சனிக்கிழமை ரெய்டு, அதாவது கில்டே கூடி ஆடுகிற பெரிய சண்டை இருக்கிறது, வெள்ளி இரவு கணக்கு முடங்கிக் கிடக்கிறது. பதற்றத்தில் மாமாவைக் கூப்பிட்டேன். "எங்கார்டப் போட்டுக்க மாப்ளே" என்று எண்ணைச் சொன்னார். அவரிடமிருந்து ஓடிபி வாங்கிப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்தது என்னவென்று பின்னால்தான் உறைத்தது. என் கார்டாக இருந்திருந்தால் விதிப்படி மாதாமாதம் எனக்கு முன்கூட்டியே தகவல் வந்திருக்கும். சிங்கப்பூர்க் கார்டுக்கு நம் ரிசர்வ் வங்கி விதி பொருந்தாது. பணம் ஒருவரிடமிருந்து போகிறது, விளையாடுவது இன்னொருவர். இரண்டு பேருக்கும் முழுப் படம் தெரியாது. தயவுசெய்து அடுத்தவர் கார்டைத் தொடர் சந்தாவில் போடாதீர்கள். அவர் அன்பாகக் கொடுத்தாலும் போடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒரு தடவை மட்டும் செலவாகும் அட்டையை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மார்ச் வரை ஆறு மாதக் காசை அக்காவின் இங்குள்ள கணக்கில் ஒழுங்காகப் போட்டேன். அந்த மார்ச்சில் நான் உள்ளே போனது மூன்றே நாள். கல்யாணம் நிச்சயமாகி மண்டபம், பத்திரிகை என்று அலைந்துகொண்டிருந்தேன். மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி நேரமிருக்காது என்று கணினியிலிருந்து விளையாட்டை அன்இன்ஸ்டால் செய்தேன். கில்டுக்கு ஒரு வார்த்தை எழுதிவிட்டு, கனத்த மனதோடுதான் செய்தேன். என் மனதில் அத்தோடு எல்லாம் முடிந்தது. நிறுவனத்தின் கணக்குப் பக்கத்துக்குப் போய்ச் சந்தாவைத் தனியாக நிறுத்த வேண்டும் என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. விளையாட்டு நம் கணினியில் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் சந்தாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கைபேசிச் செயலிகளுக்கும் இதே கதைதான். செயலியை நீக்கினால் படம்தான் போகும். பணம் போவது நிற்காது.

ரசீது வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. விளையாட்டுக்கென்றே நான் தொடங்கிய மின்னஞ்சல் முகவரிக்கு வந்தது. பொங்கல் முடிந்த இரவு அதன் கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்துத் திறந்தபோது, 22 ரசீதுகளும் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் வரிசையாகக் கிடந்தன. எனக்குக் குழந்தை பிறந்த நாளன்று வந்ததும் அதில் இருந்தது. சந்தா கட்டுகிற எந்தக் கணக்குக்கும் தினமும் பார்க்கிற முகவரியைக் கொடுங்கள்.

அடுத்து செய்த தவறு இன்னும் பெரிது. மறுநாள் காலையே மாமாவை வற்புறுத்தி அவருடைய வங்கியில் புகார் கொடுக்க வைத்தேன். "நாங்கள் பயன்படுத்தவே இல்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று. மாமாவுக்கு அதில் இஷ்டமில்லை, எனக்காகச் செய்தார். கடைசி நான்கு மாதத்துக்கு மட்டும்தான் வங்கி எடுத்துக்கொண்டது. 60 டாலர் திரும்பியது. ஒரு வாரத்தில் விளையாட்டு நிறுவனம் என் கணக்கைப் பூட்டிவிட்டது. வங்கி மூலம் பணத்தைத் திருப்பி எடுத்தால் அவர்கள் அதை மோசடி போலத்தான் பார்க்கிறார்கள். சந்தா மட்டுமல்ல, நான் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதிகள், மூன்று கேரக்டர்கள் எல்லாமே உள்ளே மாட்டிக்கொண்டன. சப்போர்ட்டுக்கு எழுதினால், அந்த 60 டாலரைக் கட்டினால்தான் திறப்போம் என்று பதில். அது சரியென்றே வைத்துக்கொண்டாலும், 22 மாதம் ஒருவன் ஒரு முறைகூட உள்ளே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஆகவே பணம் வீணாகப் போனது தெரிந்தால் முதலில் சந்தாவை நிறுத்துங்கள். அப்புறம் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். கடைசியாக உள்ளே போன தேதி, ரசீது எண்கள், நிறுத்திய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். வங்கிக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும். அந்தக் கணக்கை இழந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்த பிறகு மட்டும். உங்கள் கார்டு இந்தியக் கார்டாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எளிதாகச் சேரவிட்டு, வெளியேற முடியாமல் சுற்றவிடுகிற தந்திரத்தைச் 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டு 2023 நவம்பரில் மத்திய அரசின் விதிமுறைகளில் சேர்த்திருக்கிறார்கள். புகாரில் அதைக் குறிப்பிடலாம்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் பாதித்த செய்தி இங்கிலாந்திலிருந்து. அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் கேட்டுக் கேட்டு, 2022இல் மைக்ரோசாஃப்டும் சோனியும் ஒரு உறுதி கொடுத்தன. நீண்ட நாள் பயன்படுத்தாமல் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களைத் தொடர்புகொண்டு நினைவூட்டுவோம், அப்போதும் பயன்படுத்தாவிட்டால் பணம் எடுப்பதை நிறுத்திவிடுவோம் என்று. நான் விளையாட்டை விட்டது அதே 2022இல்தான். ஆள் உள்ளே வருகிறானா இல்லையா என்று கணினியே சொல்லிவிடும், நிறுத்துவதும் ஒரு நிமிட வேலை. இந்த விதி நம் நாட்டிலும் வர வேண்டும், எல்லா விளையாட்டு நிறுவனங்களுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

60 டாலரைக் கட்டினேன். பணத்துக்காக அல்ல, ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திறந்ததும் என் கேரக்டர் விட்ட இடத்திலேயே நின்றது. மரப் படித்துறை, பக்கத்தில் ஒரு விளக்கு, தண்ணீரில் மழைத் துளி விழுந்துகொண்டிருந்தது. ரெய்டுக்கு ஆள் சேரும்வரை மீன்பிடித்துக்கொண்டிருந்தேன் போல. பையில் பதினான்கு மீன் இருந்தது. கில்டுப் பட்டியலில் நாற்பது பெயர், வெளிச்சமாக இருந்தது மூன்று. அதில் ஒன்று பினாங்கு அண்ணன். "வந்துட்டியா தம்பி" என்று வந்து விழுந்தது செய்தி. கண் கலங்கிவிட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பத்து வருடத்துக்கு மேல் இப்படிச் சந்தா கட்டி ஆடுகிறவர். "கட்டின அதே நிமிசம் கேன்சல் பண்ணிருவேன்" என்றார். பெரும்பாலான விளையாட்டுகளில் கட்டியவுடன் ரத்து செய்தாலும், கட்டிய மாதம் முடியும்வரை ஆடலாம். அடுத்த மாதம் வேண்டுமென்றால் நாமே போய்க் கட்டினால் போதும். பத்து வருட அனுபவம் ஒரே வரியில் கிடைத்தது.

இப்போது நான் வைத்திருக்கிற கணக்கு எளிது. போன மாதம் எத்தனை மணி நேரம் ஆடினேன் என்று பார்ப்பேன். பத்து மணிக்குக் கீழே என்றால் அடுத்த மாதம் கட்டுவதில்லை. 2022 மார்ச்சில் நான் ஆடிய நான்கு மணி நேரத்துக்கு மணிக்கு 275 ரூபாய் ஆனது. அன்றே இதைப் போட்டுப் பார்த்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. வருடச் சந்தாவில் சலுகை என்று ஆசை காட்டினால் மயங்குவதில்லை. நம் வாழ்க்கையில் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி நேரம் கிடைப்பதில்லை. புதிய விளையாட்டென்றால் முதலில் இலவச அளவைத் தீர ஆடிவிடுகிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 20ஆம் லெவல் வரை காசில்லாமல் ஆடலாம். ஃபைனல் ஃபேன்டசி 14இல் 70ஆம் லெவல் வரை, நாள் கணக்கே இல்லாமல். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு முறை காசு கட்டி மாறிவிட்டால் அந்தக் கணக்கில் இலவசத்துக்குத் திரும்ப முடியாது. அந்த இலவச நாட்களிலேயே நம் ஊர் இணைப்பில் பிங் (நாம் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். யுபிஐயில் ஆட்டோபே போட்டிருந்தால், செயலிக்குள் ஆட்டோபே பகுதியில் உயிரோடிருக்கிற எல்லாமே பட்டியலாக இருக்கும்; மாதம் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள். என் பட்டியலில் விளையாட்டோடு சம்பந்தமில்லாத இரண்டு அன்றைக்குச் சிக்கின.

சந்தா கட்டும்போது நாம் எதையும் சொந்தமாக வாங்குவதில்லை என்பதும் மனதில் இருக்க வேண்டும். வைல்ட்ஸ்டார் என்ற எம்எம்ஓ 2014இல் மாதச் சந்தாவோடு வந்தது, அடுத்த வருடமே இலவசமானது, 2018 நவம்பரில் மூடப்பட்டது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. பல வருடம் கழித்து ரசிகர்கள் தாங்களாகவே சர்வர் வைத்து அதை உயிர்ப்பித்தார்கள். 2024 ஜனவரியில், நான் திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அதே மாதம், அந்த ரசிகர்களுக்கு நிறுவனம் முறைப்படி உரிமம் கொடுத்தது. அது நன்கொடையில் ஓடுகிறது. எந்தக் கார்டிலிருந்தும் தானாக எடுக்காமல், இருக்கிறவர்கள் மனமிருந்து கொடுத்து ஓடுகிற ஓர் உலகம். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மாமா பணத்தை வாங்க மறுத்தார். அக்காதான் வழி சொன்னாள்: "அம்மாட்ட மாசம் ஆயிரத்தி ஐநூறு குடுத்து வை. நான் வர்றப்ப வாங்கிக்கறேன்." பதினெட்டு மாதம் கொடுத்தேன், 27,000 ஆயிற்று. அப்புறம் ஒரு நவம்பரில் அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். கன்சோலுக்கு ஒரு வருடச் சந்தா வேண்டுமென்று கேட்டிருக்கிறான், "உங்க மாமாவக் கேளு" என்று அப்பா சொல்லிவிட்டாராம். அவன் ஆடுகிற விளையாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். நான்கில் மூன்று இலவச விளையாட்டுகள். ஃபோர்ட்நைட் மாதிரி அவற்றுக்குக் கன்சோல் சந்தா தேவையே இல்லை, அது அவனுக்குத் தெரியாது. மிச்சம் இருந்தது கால்பந்து ஒன்று, அதுவும் பள்ளி விடுமுறையில் மட்டும் நண்பர்களோடு. ஒரு மாத அட்டை வாங்கச் சொன்னேன். டிசம்பர் முழுவதும் ஆடினான். ஜனவரியில் பள்ளி திறந்தபோது அட்டை முடிந்திருந்தது.